பொட்டு வைத்த விளக்கு

சந்தன வாசனை வர அங்கே எந்த நியாயமும் இல்லை என்றுதான் ஹெப்சிபா முதலில் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் நியாயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, தெரிந்ததைத் தெரியாததுபோல இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், பிடித்திருந்த வரைக்கும் வாசனை நின்றது, விட்டதும் மறுபடி வந்தது. இருட்டறை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்கில் மடித்துச் செருகிய சாக்கு, மேசைக்கு மேலே ஒரே ஒரு சிவப்பு பல்பு. பழ ஈயின் கண்ணுக்குச் சிவப்பு ஏறக்குறைய இருட்டுதான். ஆகவே பார்க்கிறவள் பார்க்கலாம், ஈக்கள் தம்மை ஒருத்தி பார்க்கிறாள் என்று அறியாமல் தம் பாட்டுக்குத் திரியலாம், ஒளிந்திருந்து பார்ப்பதற்கு விஞ்ஞானம் கண்டுபிடித்திருக்கும் மரியாதையான வழி இது. முகக்கவசத்தின் வார் மத்தியானம் அறுந்துபோயிருந்தது. ஈக்களின் தீனியில் சேர்க்கிற ஈஸ்டின் புளித்த நெடி அவளுக்கு ஆகாது, அடுக்குத் தும்மல் வரும், தும்மினால் ஈக்கள் கலையும், அதனால் இந்த அறைக்குள் அவள் கவசமில்லாமல் நுழைந்ததே கிடையாது. இன்று வேறொன்று தேட நேரமில்லை, ஒரு நாள்தானே, அடக்கிக்கொள்ளலாம் என்று வந்து உட்கார்ந்தாள். தும்மல் வரவில்லை, சந்தனம் வந்தது. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்துக் கிண்ணத்திலிருந்து வருமே, அப்படி, பெட்டி சூடேறச் சூடேற இன்னும் நன்றாக, கூச்சமே இல்லாமல்.

மேசை மேலிருந்தது எளிய ஏற்பாடு, எளியது என்பதில் அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு. கண்ணாடி மூடி போட்ட ஒரு வட்டத்தட்டு, அதன் தரை முழுக்க மயிரிழைக் கம்பிகள், வேண்டும்போது கம்பிகளில் லேசாக மின்சாரம் ஏற்றலாம், ஈ சாகாது, ஈரக்கையால் பழைய மிக்ஸியைத் தொட்டால் நமக்குச் சுரீரென்கிறதே, அதற்கு அவ்வளவுதான். தட்டுக்கு அடியில் இடப்பாதிக்கு ஒரு விளக்குப் பெட்டி, வலப்பாதிக்கு ஒரு விளக்குப் பெட்டி, இரண்டிலும் ஒரே ஜாதி பல்பு, ஒன்றில் மட்டும் கண்ணாடிக்குக் கீழே ஒரு பட்டர் பேப்பர். பேப்பர் இல்லாதது வெளிச்சம், இருப்பது அதைவிடக் கொஞ்சம் மங்கல், அந்தக் கொஞ்சம்தான் அவளுடைய ஆராய்ச்சி. முதலில் வெளிச்சப் பெட்டியை மட்டும் எரியவிட்டு மின்சாரம், அதை அணைத்து மங்கல் பெட்டியை எரியவிட்டு நிம்மதி, இப்படிச் சில தடவை. பிறகு மின்சாரமே இல்லாமல் இரண்டையும் சேர்த்து எரியவிட வேண்டும். ஈக்கள் மங்கல் பக்கம் ஒதுங்கி நின்றால் பாடம் ஏறிவிட்டது என்று பொருள். இன்னொரு கூட்டத்துக்கு இதையே தலைகீழாக, மங்கலில் சுடும், வெளிச்சத்தில் சுடாது, அவை வெளிச்சத்துக்கு ஒதுங்க வேண்டும். ஒதுங்கின. எல்லாக் கூட்டமும் ஒதுங்கின. இவ்வளவு நுணுக்கமான வெளிச்ச வித்தியாசத்தைக் கடுகை விடச் சின்ன மண்டை கற்றுக்கொள்கிறது என்று அவள் எழுதி, தட்டச்சு செய்து, நீலத்துணி அட்டை போட்டுக் கட்டியாகிவிட்டது. கட்டிய ஆய்வேட்டுப் புத்தகம் மாடியில் நம்பிராஜன் சாரின் மேசையில் இருக்கிறது, அவர் வழிகாட்டி, அவர் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். பழ ஈக்கு டுரோசோபிலா என்று பெயர் வைத்தவர் பனியை விரும்புவது என்ற பொருளில் வைத்தாராம், கிரேக்கம். அழுகின வாழைப்பழத்தை விரும்புகிற ஒன்றுக்குப் பனியை விரும்புவது என்று பெயர் வைத்தவர்களிலிருந்தே இந்தத் துறை தவறான இடத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, இதை ஒரு கருத்தரங்கில் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறாள், இப்போது அது சிரிப்பாக இல்லை.

அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், வெளிச்சப் பெட்டியின் நெற்றியில், தட்டின் காற்றுத் துளைகளுக்கு நேர் கீழே, ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. அட்டெண்டர் சுடலைமுத்து அண்ணன் அன்று ஆய்வகத்தில் எதையும் விட்டுவைக்கவில்லை, மைக்ராஸ்கோப்புக்கு, தராசுக்கு, ஃப்ரிட்ஜுக்கு, தீயணைப்பு உருளைக்கு, வாய் வைத்து ஈ உறிஞ்சும் கண்ணாடிக் குழாய்க்கும்கூட வைத்துவிட்டு அதை மட்டும் அவள் முகத்தைப் பார்த்துத் துடைத்தார். விளக்குப் பெட்டிக்கு வைத்தபோதும் அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். துடைத்துவிடலாமா என்று கை போயிற்று. போன கை திரும்பிவிட்டது, ஏனென்றால் அவள் ஹெப்சிபா, நாசரேத்துக்காரி, பாளையங்கோட்டையில் ஜெபக்கூட்டம் நடத்துகிற வீட்டுப் பெண், அவள் துடைத்தால் அது துடைப்பதாக இருக்காது. சுடலைமுத்து அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் முகம் சுருங்கும், நாலு பேர் பார்ப்பார்கள், பொட்டு வைக்கிற ஒருத்தி துடைத்திருந்தால் சோதனைக்காகத் துடைத்தாள் என்பார்கள், இவள் துடைத்தால் காரணம் வேறாகிவிடும். மரியாதைக்காக விட்டாள். உலகத்தில் எத்தனை சோதனைச்சாலைகளில் என்னென்ன பிழைகள் நேர்ந்திருக்கும், கவனக்குறைவு, பேராசை, தூக்கம். மரியாதையால் ஒரு பிழை நேர்ந்தது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. மங்கல் பெட்டிக்கு ஏன் வைக்கவில்லை? அது அன்று ஊரில் இல்லை, ஜங்ஷன் பக்கத்துக் கடையில் பற்றவைக்கக் கொடுத்திருந்தது. திரும்பி வந்ததற்கு வைக்கலாமே என்று அண்ணனுக்குத் தோன்றவில்லை, பூஜையன்று இருந்தவற்றுக்குத்தான் பொட்டு. ஆனால் வைத்ததை அவர் வாட விடவில்லை, வெள்ளிக்கிழமைதோறும் விரலால் புதுச்சந்தனம் தொட்டு அதே இடத்தில், அவள் கண்ணெதிரே. கண்ணுக்குப் பழகிப் பழகி அது பெட்டியின் பெயிண்டில் ஒரு பகுதியாகிவிட்டது. அதற்கு முன்னால் இரண்டு வருஷம் ஈக்கள் ஒன்றையுமே கற்கவில்லை. வெளிச்சமும் மங்கலும் அவற்றுக்கு ஒன்றாகவே இருந்தன, பாதி இங்கே, பாதி அங்கே, கடைத்தெருவில் வேடிக்கை பார்க்கிறவர்கள் மாதிரி நின்றன. பூஜைக்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தன. பற்றவைத்து வந்ததால் பெட்டி ஒழுங்காயிற்று என்று அவளும் சாரும் முடிவு கட்டினார்கள். சுடலைமுத்து அண்ணன் மட்டும் டீ கொண்டுவரும்போதெல்லாம், பொட்டு வேலை செஞ்சுதா இல்லியா என்று கேட்டுச் சிரிப்பார். இவளும் சிரிப்பாள். சாரும் சிரிப்பார். மூன்று பேரும் அவரவர் காரணத்துக்குச் சிரித்தார்கள்.

இல்லை, இரு, அவசரப்படாதே, பக்கம் மாற்றியிருக்கிறாய். அதுதான் அவள் பிடித்துக்கொண்ட கொம்பு. ஈக்களுக்கு இடது வலது என்று ஒரு சாய்வு வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு தடவையும் பெட்டிகளைத் தூக்கி இடம் மாற்றியிருக்கிறாள், முதுகு வலிக்க வலிக்க, ஒரு தடவைகூடத் தவறாமல். தவறாமல் என்பதில்தான் இப்போது பிடி வழுக்கியது. பெட்டியைத் தூக்கினால் பொட்டும் கூடவே வரும். வெளிச்சம் எங்கெல்லாம் போயிற்றோ அங்கெல்லாம் சந்தனம் போயிற்று, ஒரு நாளும் பிரியாமல், ஒரே குடையில் போகிற புதுமணத் தம்பதி மாதிரி. விளக்கை ஏற்றினால் தகரம் சுடும், தகரம் சுட்டால் வாசனை எழும், வாசனை எழும்போது கம்பியில் மின்சாரம். வாசனையை ஈ கற்கும் என்பது இந்தத் துறையில் அரிச்சுவடி, அதைச் செய்யாத ஆளில்லை, எல்லோரும் செய்துவிட்டார்கள் என்பதால்தானே அவள் வெளிச்சத்தை எடுத்தாள். சரி, ஒருவேளை ஈக்கள் இரண்டையும் கற்றிருக்கலாம். ஒருவேளை வாசனையைச் சட்டையே செய்யாமல் வெளிச்சத்தை மட்டும் கற்றிருக்கலாம். ஒருவேளை என்கிற சொல்லை வைத்துக்கொண்டு ஒருத்தி மாடிக்குப் போகலாமா? சார் இன்று சாயங்கால வண்டியில் சென்னை, அங்கிருந்து அமெரிக்கா, மகளுக்குப் பிரசவம், திரும்ப ஆறு மாசம் ஆகும். அங்கே மகள் வீட்டுக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இந்த ஈக்களைப் பற்றி ஒரு உரை வேறு ஒப்புக்கொண்டிருக்கிறார், அதில் காட்ட ஒரு சின்ன வீடியோ வேண்டும் என்று கேட்டார், அதற்காகத்தான் இந்தக் கடைசிக் கூட்டத்தைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். கையெழுத்து இன்று விழுந்தால் திங்கட்கிழமை சமர்ப்பிக்கலாம், சமர்ப்பித்த ரசீது இருந்தால்தான் வரும் வாரம் கல்லூரி நேர்முகத்துக்கு உள்ளே விடுவார்கள், நிரந்தர வேலை, அந்த இடம் காலியாக ஒன்பது வருஷம் பிடித்தது, இனி எப்போது காலியாகுமோ. அம்மா அந்த வேலையை ஏற்கெனவே ஸ்தோத்திர ஜெபத்தில் சேர்த்துவிட்டாள். நன்றி சொல்லியாகிவிட்ட ஒன்றை எப்படித் திருப்பிக் கேட்பது.

கதவு தட்டப்பட்டது. விரல் கணுவால் இரண்டு தட்டு, சுடலைமுத்து அண்ணன். வெளியே சிவப்பு விளக்கு எரிந்தால் அவர் கதவைத் தொடுவாரே தவிரத் தள்ள மாட்டார். "யம்மா, சார் பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காவ. படம் எடுத்தாச்சான்னு கேக்காவ."

"இன்னும் ஒரு சுத்து இருக்கு அண்ணே. முடிச்சிட்டு நானே வாரேன்."

அவர் போகவில்லை. கதவுக்கு அந்தப்பக்கம் செருப்பு தேய்வது கேட்டது. பெட்டி நல்லாத்தானே எரியுது, நேத்துதான் புதுச்சந்தனம் வச்சேன், பயப்படாதிய என்று ஆறுதல் சொன்னார். அவள் நன்றி அண்ணே என்றாள். குரல் சாதாரணமாக வந்தது, அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது, இப்படியே சாதாரணமாக மாடிக்குப் போகவும் முடியும்போல.

கடைசிச் சுற்று மின்சாரம் முடிந்தது. தட்டில் ஈக்கள் உதறிக்கொண்டு, முன்கால்களைத் தேய்த்துக்கொண்டு, கண்ணாடி மூடியில் தலைகீழாக நடந்துகொண்டு, அவற்றுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்க வேண்டும், இரண்டு விளக்கையும் அணைத்தாள், சிவப்பு மட்டும் மிஞ்சியது. சிவப்பில் அவளுடைய கை ஏதோ வேறொருத்தி கை மாதிரி, நிறமே இல்லாமல், அழகாகக்கூட இருந்தது. இந்த அறையில்தான் அவள் கறுப்பில்லை. அக்கா பெர்சிஸ் கலராக இருப்பாள், ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், கறுப்பு ஒரு நிறமே இல்லை என்பதுபோல. இவளை மாநிறம் என்பார்கள், மாந்தளிர் நிறம் என்று அகராதி சொல்லும், கல்யாணத் தரகர் சொன்னால் அது கறுப்புக்குச் சூட்டிய மரியாதைப் பெயர். ஒரு தெருவுக்கு அந்தப்பக்கம் நிற்கிற இரண்டு பெண்களில் எவள் ஒரு பிடி மங்கல் என்று கண்ணை இடுக்காமல் சொல்லிவிடுகிற ஜனம், பட்டர் பேப்பர் வித்தியாசம் அவர்களுக்கு எம்மாத்திரம், ஈக்களுக்குத்தான் கம்பியும் மின்சாரமும் தேவைப்படுகிறது. இவளுக்கும் தேவைப்பட்டது. சின்ன வயதில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை, சபை மண்டபம், வெள்ளைத்துணிச் சிறகு ஒன்றுதான் இருந்தது, அதை மாட்டிக்கொண்டு காபிரியேல் தூதனாக அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். நாடகம் பழக்கிய கிருபை அத்தை வந்து பார்த்தாள், ஒரு கணம்தான் பார்த்தாள், சிறகை அவிழ்த்துப் பெர்சிஸுக்குக் கட்டிவிட்டு இவளிடம் மேய்ப்பன் கம்பைக் கொடுத்து, நீ அந்தப் பக்கம் போயி நில்லுட்டி என்றாள். போய் நின்றாள். அதற்குப் பிறகு எந்தப் போட்டோவிலும், எந்தக் கல்யாணத்திலும், யாரும் சொல்வதற்கு முன்னாலேயே அந்தப் பக்கம் போய் நிற்கப் பழகிக்கொண்டாள். எத்தனை தடவை பாடம் தேவைப்பட்டது? ஒரே தடவை. ஈயைவிடக் கெட்டிக்காரி. ஆனால் இப்போது இந்தச் சிவப்பு இருட்டில், இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வராத சந்தேகம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பெர்சிஸுக்கு வசனம் முழுக்க மனப்பாடமாகத் தெரியும், இவள் ஒத்திகையில் மரியாளே பயப்படாதே என்பதற்குமேல் போகாமல் இரண்டு தடவை நின்றுவிட்டாள், அதுவும் உண்மைதானே. அத்தை பார்த்தது நிறத்தையா, மறந்துபோன வசனத்தையா? நிறமும் வசனமும் அன்று ஒரே ஆளிடம் ஒன்றாக இருந்தன, பிரித்துப் பார்க்க யாரும் சோதனை வைக்கவில்லை. அத்தை இறந்துபோனாள், கேட்க வழியில்லை. நிறம்தான், வேறென்ன, அந்தப் பார்வை தெரியாதா. தெரியுமா? ஈக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும்.

மேசை டிராயரில் ஸ்பிரிட் குப்பி இருக்கிறது, பஞ்சு இருக்கிறது. இது அவள் யோசித்து வந்த எண்ணமில்லை, கை டிராயரைத் திறந்த பிறகுதான் எண்ணம் வந்தது. துடைத்துவிட்டால் முடிந்தது. ஆயுத பூஜைப் பொட்டை ஆனி மாதத்தில் துடைத்தவளை எந்தக் கமிட்டியும் கேள்வி கேட்காது. மூக்கால் ஒரு முறை முகர்ந்தது சாட்சியம் இல்லை, கவசத்தின் வார் அறுந்தது சாட்சியம் இல்லை, அறுந்திராவிட்டால் இந்த நேரம் வீடியோ எடுத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பாள், கவசம் போட்டிருந்த ஹெப்சிபா யோக்கியமானவள், போடாதவள் மட்டும் என்ன பாவம் செய்தாள். பஞ்சு விரலிடுக்கில் குளிர்ந்தது. துடைத்தால் இனி எந்தக் காலத்திலும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்த அவளுக்கும் என்பதில் எண்ணம் இடறியது, ஊறின பாயில் கால் வைத்ததுபோல ஒரு அருவருப்பு. பஞ்சைக் கீழே வைத்தாள். சோதித்துவிடலாம், சோதிப்பது ரொம்பச் சுலபம், அதுதான் கொடுமை, இத்தனை மாசத்தில் எந்த மத்தியானத்திலும் செய்திருக்கலாம். மங்கல் பெட்டியின் கண்ணாடியை நகர்த்தி பட்டர் பேப்பரை உருவினாள். அவ்வளவுதான் வேலை. இப்போது இரண்டு பெட்டியும் ஒரே வெளிச்சம், பல்புகளை அவளே மீட்டர் வைத்துப் பொருத்தியிருக்கிறாள், இம்மிகூட வித்தியாசமில்லை. வெளிச்சத்தை மட்டும் படித்த ஈ இப்போது திணற வேண்டும், எங்கே போவதென்று தெரியாமல் பாதி இங்கும் பாதி அங்கும் பரவி நிற்க வேண்டும். திணறினால் அவள் பிழைத்தாள். இரண்டு வருஷம் ஈக்கள் பாதிப்பாதியாக நின்றபோதெல்லாம் அழுதிருக்கிறாள், இன்று அந்தப் பாதிப்பாதிக்காக உதட்டை அசைத்தாள், ஆண்டவரே இவைகளைக் குழப்பிவிடும், பாபேலில் குழப்பினீரே, அதைவிடச் சின்ன வேலை இது. விஞ்ஞானத்துக்காக ஜெபிப்பதா, விஞ்ஞானத்துக்கு எதிராக ஜெபிப்பதா, இது எதில் சேர்த்தி என்று யோசிக்கவும் செய்தாள். பொட்டு வைத்த பெட்டி இடப்பக்கம் இருந்தது. இரண்டு ஸ்விட்சையும் ஒன்றாகப் போட்டாள்.

முதலில் ஈக்கள் திணறின. தட்டு முழுக்கச் சிதறி ஓடின, நின்றன, ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கின, இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம், அவள் நெஞ்சில் ஏதோ இளகியது, பார்த்தாயா, நீயாகப் பயந்தாய், சந்தனமாவது ஒன்றாவது. தகரம் இன்னும் சூடாகவில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. வாசனை முதலில் அவளுக்கு வந்தது, ஈக்களுக்கு அதற்கும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும், ஏனென்றால் இடப்பக்கத்தில் நின்ற ஒன்று திரும்பியது. ஒன்றுதானே. அது நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போயிற்று. இன்னொன்று வலப்பக்கத்திலிருந்து வந்தது, கோடு வரை வந்தது, உணர்கொம்பை நீட்டியது, மிதித்துவிடப் போன காலைப் பின்னால் எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு திரும்பிப் போயிற்று. அந்தக் கால் எடுப்பு அவளுக்குத் தெரியும், ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், பார்த்த ஒவ்வொரு தடவையும் இதோ வெளிச்சம் புரிந்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறாள். இப்போது புரிய வெளிச்சம் ஒன்றும் இல்லை, இரண்டு பக்கமும் ஒன்றுதான். மூன்று நான்காக வந்தன, பிறகு எண்ண வேண்டியிருக்கவில்லை, இடப்பக்கத் தரை கொஞ்சம் கொஞ்சமாக வெறுமையாகி, துப்புரவாகப் பெருக்கிவிட்ட முற்றம் மாதிரி பளிச்சென்று எரிந்தது. தற்செயலாக இருக்கலாம். தற்செயல் என்று அவள் உரக்கச் சொன்னாள். விளக்குகளை அணைத்துவிட்டு பெட்டிகளைத் தூக்கி இடம் மாற்றினாள், பொட்டு வலப்பக்கம் வந்தது, தூக்கும்போது குங்குமம் கட்டைவிரலில் ஒட்டியது, பாவாடையில் துடைத்தாள். மறுபடி ஸ்விட்ச். ஈக்கள் அதே வலப்பக்கத்தில் கூடி நின்றன, பார், நகரவில்லை, அவற்றுக்கு வலப்பக்கம்தான் பிடித்திருக்கிறது, ஜன்னல் ஓரமோ என்னவோ, நகராதீர்கள், என் தங்கங்களே, அப்படியே நில்லுங்கள். தகரம் லேசாக முனகியது. முன்னால் நின்ற ஒன்று முகத்தைத் தேய்த்துக்கொண்டது, நடந்தது, அதன் பின்னால் இரண்டு, அவசரமில்லாமல், பூசை முடிந்து ஜனம் கலைவதுபோல எல்லாமே கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய் நின்றன. திணறல் இல்லை, சந்தேகம் இல்லை. இவ்வளவு தெளிவான ஒரு முடிவை அவள் தன் ஆராய்ச்சிக் காலம் முழுவதிலும் கண்டதில்லை என்று நினைத்தாள், நினைத்ததும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றும் போயிற்று. ஈக்கள்மேல் கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. சொல்லிக் கொடுத்ததை ஒழுங்காகப் படித்திருக்கின்றன, வாத்தியார்தான் என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். சுடலைமுத்து அண்ணனிடம் இதைச் சொல்லவே கூடாது, சொன்னால் ஏழேழு ஜென்மத்துக்கும் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இல்லை, சந்தோஷப்படுவார். அதுவும் அவரால் முடியும்.

மாடிப்படியில் சத்தம் கேட்டது, சாரின் நடை, வலது முழங்காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை. வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது, பெட்டிகளை ஏற்றுகிற சுடலைமுத்து அண்ணனின் குரல் தூரத்தில். கதவைத் தட்டாமல் சார் வெளியிலிருந்தே பேசினார், வண்டிக்கு நேரமாகுதுல்லா, படம் கிடைக்காட்டாலும் பரவாயில்லை, புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்துட்டேன், வெளியே வா, கையெழுத்துப் போட்டுத் தந்துட்டுக் கிளம்புதேன் என்றார். நல்ல மனுஷன், புத்தகத்தைத் தானே சுமந்து இறங்கி வந்திருக்கிறார், இந்த முழங்காலோடு. வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டால் போதும். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த பிறகு, வேலையும் கிடைத்த பிறகு, மெதுவாக ஒரு நாள் சொல்லலாம், சார் ஒரு சின்ன சந்தேகம் என்று ஆரம்பித்து. அந்த ஒரு நாள் வராது என்பது கதவுப் பிடியில் கை வைக்கும்போதே தெரிந்தது, இப்போது நகராத கால் அப்புறம் எப்படி நகரும். சாக்கைக் காலால் ஒதுக்கிக் கதவைத் திறந்தாள். வராந்தா வெளிச்சம் கண்ணில் அறைந்தது, சார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் நின்றது.

"என்னம்மா, படிச்சிடுச்சா?"

"படிச்சிடுச்சு சார். வெளிச்சத்த இல்ல. சந்தனத்த."

சார் சிரித்தார், சுடலைமுத்து அண்ணனின் பழைய வேடிக்கை என்று நினைத்தார். அவள் சொன்னாள். பொட்டு வைத்த பெட்டி எது, வைக்காதது எது, அன்று எது ரிப்பேருக்குப் போயிருந்தது, எதைத் தான் துடைக்காமல் விட்டாள், பேப்பரை உருவினாள், ஒரே வெளிச்சம், இடப்பக்கம் காலியானது, பெட்டியை மாற்றினாள், வலப்பக்கம் காலியானது. சொல்லச் சொல்ல அவள் கண்ணுக்கு வெளிச்சம் பழகியது, சட்டைக்கு மேலே முகம் வந்தது, அந்த முகத்தில் சிரிப்பு போன இடமும் தெரிந்தது. புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பேனா திறந்தபடி இருந்தது. படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி,

"வேற யாருக்கும் தெரியுமா?" என்றார்.

இதை இரண்டு விதமாகக் கேட்கலாம், பதறியும் கேட்கலாம், திட்டம் போட்டும் கேட்கலாம், அவர் எப்படிக் கேட்டார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை, ஒருவேளை அவருக்கே இன்னும் தெரிந்திருக்காது. வேலையும் நேர்முகமும் அம்மாவின் ஜெபமும் வராந்தாவில் இவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு இவள் வாயைப் பார்த்தன.

"ஈக்களுக்குத் தெரியும் சார். இப்ப உங்களுக்கும் தெரியும்."

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். இரண்டாவது ஹாரனுக்குச் சார் பேனாவின் மூடியைத் தேடினார், அது சட்டைப்பையிலேயே இருந்தது, மாட்டினார், புத்தகத்தை வராந்தா ஜன்னல் திட்டில் வைத்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "சுடலை, ஆட்டோவ இருக்கச் சொல்லும்" என்று குரல் கொடுத்தார். ஒரு நிமிஷம் கழித்து, "வேண்டாம், அனுப்பிரும்" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இந்த அறைக்குள் நுழைய அது தேவையே இல்லை, உள்ளே வந்தார். அவள் கதவைச் சாத்தி, சாக்கைச் செருகினாள். சார் மேசையைக் கையால் தடவித் தேடி நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பெட்டிய மாத்தி இன்னொரு தடவை போடு. நான் பாக்கணும்." கொஞ்சம் பொறுத்து, அவளை நோக்கி அல்லாமல் இருட்டை நோக்கிச் சொன்னார், "எங்கேம்மா, ஒண்ணுமே தெரியலையே."

"அப்படியே உக்காந்திருங்க சார். கொஞ்ச நேரத்துல தெரியும்."